வகுப்பில் ஆசனம் செய்து காட்டுவதை நிறுத்திய பிறகு மாணவர்களைப் பார்க்கத் தொடங்கினேன்

யோகா ஆசிரியர் பயிற்சிகளில் ஆசனங்களின் வரிசையும் எலும்பு மூட்டுகளின் பெயர்களும் பிராணாயாமத்தின் வகைகளும் நாள் கணக்கில் நடத்தப்படுகின்றன. மாணவரோடு முழுமையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதை எப்படிச் செய்வது, எது அதைக் கெடுக்கும், ஒரு நாளில் எத்தனை வகுப்புகள் வரை அந்தக் கவனம் தாங்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் பல ஆண்டுகளாக யோகா கற்பித்து வரும் நான், இடுப்பில் ஏற்பட்ட ஒரு காயத்தால் ஓராண்டுக்கும் மேலாக வலியோடும் வருமான இழப்போடும் தனியாகப் போராடியபோதுதான் இவற்றைத் தெரிந்துகொண்டேன். விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அபார்ட்மென்ட்டாகச் சென்று வகுப்பெடுக்கும் இளம் ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 200 மணி நேரப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவுடன், ஏற்கெனவே இடம் வைத்திருக்கும் யாராவது ஒருவரிடம் போய்ச் சேருகிறோம். மாணவருக்கு மாதம் 1,200 ரூபாய் கட்டணம் என்றால் அதில் பாதி இடத்துக்கும் பாதி ஆசிரியருக்கும் என்பது நான் சேர்ந்த இடத்தின் ஒப்பந்தம். ஒரு பேட்ச்சில் 28 பேர் இருந்தால் என் பங்கு 16,800 ரூபாய். வாழ்க்கை நடத்த இது போதாது என்பதால், காலையில் இரண்டு அபார்ட்மென்ட் வகுப்புகள், பத்து மணிக்குப் பெண்கள் பேட்ச், மாலையில் ஒரு வகுப்பு, இரவில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஆன்லைன் வகுப்பு என்று நாள் நிறைந்துவிட்டது. எல்லா வகுப்புகளிலும் நானே முன்னால் நின்று ஆசனங்களைச் செய்து காட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான் செய்தார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆசனத்தின் பெயர் தெரியாது. அவர் பார்த்துத்தான் செய்ய முடியும். ஆசிரியரின் உடல் எவ்வளவு வளைகிறது என்பதைப் பார்த்துத்தான் மக்கள் சேருகிறார்கள் என்று இடத்தின் உரிமையாளரும் சொல்வார்.

இந்த வழக்கத்துக்கு ஒரு பெரிய காட்சி துணை நிற்கிறது. 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 அன்று சர்வதேச யோகா தினம் கொண்டாடப்படுகிறது. மேடையில் ஒருவர் செய்ய, மைதானத்தில் நூற்றுக்கணக்கானோர் அவரைப் பார்த்துச் செய்கிறார்கள். அந்த நாள் பலரை யோகாவின் பக்கம் அழைத்து வருகிறது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த மேடை அமைப்பையே தினசரி வகுப்புக்கும் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்பது என் வருத்தம். மேடையில் இருப்பவரால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவரின் மூச்சைப் பார்க்க முடியாது. பச்சிமோத்தானாசனத்தில் தலையை முழங்கால் மேல் வைத்திருக்கும் ஆசிரியரால் யாரையுமே பார்க்க முடியாது.

வலி வலப்பக்கப் புட்டத்தின் அடியில், உட்காரும்போது தரையில் அழுந்தும் எலும்பு முனையில் தொடங்கியது. முதலில் ஸ்கூட்டரில் நீண்ட நேரம் உட்கார்ந்தால் மட்டும் வலித்தது. பிறகு முன்னால் குனிந்தாலே வலித்தது. யோகா கற்பிப்பவர் இறுக்கம் என்றால் நீட்டத்தான் செய்வார்; நானும் தினமும் இன்னும் ஆழமாக நீட்டினேன். நீட்டிய சில மணி நேரம் இதமாக இருக்கும், மறுநாள் காலையில் வலி கூடியிருக்கும். முதலில் பார்த்த மருத்துவமனையில் முதுகெலும்பிலிருந்து வரும் நரம்பு வலி என்று சொல்லி, முதுகுக்கு மாத்திரையும் தொடைக்கு நீட்டும் பயிற்சிகளும் கொடுத்தார்கள். மூன்று மாதங்கள் அதிலேயே போயின. கடைசியில் விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட், தொடையின் பின்பக்கத் தசை எலும்போடு சேரும் இடத்திலுள்ள தசைநாண் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதை உறுதி செய்தது.

அவர் விளக்கிய காரணத்தை ஒவ்வொரு யோகா ஆசிரியரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இடுப்பை மடித்து முன்னால் குனியும்போது அந்தத் தசைநாண் இழுபடுவதோடு, எலும்பின் மேலும் அழுத்தப்படுகிறது. ஒரு நாளைக்கு ஒரு முறை, உடல் சூடான பிறகு செய்தால் அது தாங்கிக்கொள்ளும். நாங்கள் வகுப்பு எடுக்கும் விதம் வேறு. ஐந்து நிமிடம் பேசுகிறோம், உடல் ஆறிவிடுகிறது, திடீரென்று ஒரு முழு ஆசனத்தைச் செய்து காட்டுகிறோம், மறுபடியும் நின்று பேசுகிறோம். இதுவே நாளுக்கு ஐந்து வகுப்புகளில், வாரத்துக்கு ஆறு நாட்கள் நடக்கிறது. “இழுக்கறதை முழுசா நிறுத்திட்டு, கொஞ்சம் கொஞ்சமாப் பாரம் குடுத்துத்தான் இதைச் சரி பண்ணணுங்க மேடம். மாசக்கணக்குல ஆகும்” என்றார். முதலில் அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி, பிறகு சேது பந்தாசனத்தைப் போன்ற இடுப்புத் தூக்கல், அதன் பிறகு எடை தூக்குதல் என்று அது போயிற்று. ஓரளவு வலியின்றி உட்கார எனக்கு எட்டு மாதங்களுக்கு மேல் ஆனது. உட்காரும் எலும்பில் வலி இருந்து, நீட்டினால் மறுநாள் கூடுகிறது என்றால் நீட்டுவதை உடனே நிறுத்திவிட்டு, தசைநாண் காயங்களைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எனக்கு மூன்று மாதங்களை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய அறிவுரை இது.

சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் பிசியோதெரபிக்குமாக அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. கைவிட்ட வகுப்புகளால் அந்த ஓராண்டில் இழந்தது ஏறத்தாழ இரண்டரை லட்சம். ஆனாலும் பணத்தைவிட, இதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததே என்னை அதிகம் வாட்டியது. முதுகு வலிக்கும் முழங்கால் வலிக்கும் தீர்வு தேடி நம்மிடம் வருகிறார்கள். அவர்களுக்குக் கற்பிப்பவருக்கே உட்கார முடியவில்லை என்று தெரிந்தால் யார் வருவார்கள் என்று பயந்தேன். சக ஆசிரியர்களிடமும் சொல்லவில்லை. வீட்டில் பாதிதான் சொன்னேன். பின்னாளில் மனம் திறந்து பேசியபோது, அதே இடத்தில் அதே வலியோடு இருந்த இரண்டு ஆசிரியைகள் இதே ஊரில் இருப்பது தெரிந்தது. அவர்களும் அதே பயத்தினால்தான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

வலியோடு வகுப்பெடுத்த அந்த மாதங்களில் என் கவனம் எங்கே இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. வாய் பழகிப்போன சொற்களைச் சொல்லிக்கொண்டிருக்கும். நான் அடுத்த குனிதலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். மூச்சை உள்ளே இழுங்கள், மெதுவாக வெளியே விடுங்கள் என்று நான் சொல்லும்போது எதிரே இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்பதே எனக்குத் தெரியாது. பல ஆண்டுகள் கற்பித்தவருக்கு வகுப்பு மனப்பாடமாகிவிடுகிறது. அந்த மனப்பாடம் இருப்பதால், ஆசிரியர் அங்கே இல்லாமலே ஒரு மணி நேரம் ஓடி முடிந்துவிடும். மாணவர்களும் குறை சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் இதைவிட நல்ல வகுப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிசியோதெரபிஸ்ட் குனிவதை முழுமையாகத் தடை செய்த பிறகு, வகுப்பில் நின்றுகொண்டு வாயால் மட்டுமே சொல்ல வேண்டிய நிலை வந்தது. முதல் வாரங்கள் மிகவும் கடினமாக இருந்தன. என் சொற்கள் எவ்வளவு போதாதவை என்பது அப்போது தெரிந்தது. “முன்னால் குனியுங்கள்” என்றால் ஒருவர் கழுத்தைக் குனிக்கிறார், ஒருவர் முதுகை வளைக்கிறார், ஒருவர் முழங்காலை மடக்கிவிட்டு என்னைப் பார்க்கிறார். இதுவரை என் உடல் சொல்லியதை இப்போது வாய் சொல்ல வேண்டும். முழங்காலைச் சற்றே தளர்த்துங்கள், தொப்புளைத் தொடையை நோக்கிக் கொண்டுபோங்கள், தலை கடைசியில் வரட்டும் என்று உடலின் ஒரு பகுதி, அது போக வேண்டிய திசை, அதற்குரிய மூச்சு என்ற வரிசையில் சொல்லப் பழகினேன். மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அந்தக் காலத்தில் விலகிவிட்டார்கள். “மேடம் இப்போது எதுவும் செய்வதில்லை, நடந்துகொண்டே இருக்கிறார்” என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். என் சம்பளம் அதற்கேற்பக் குறைந்தது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மட்டும் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, “ஏனுங்க மேடம், இத்தன வருசமா நாங்க உங்களையே பாத்துப் பாத்துப் பண்ணுனோம். இப்ப நீங்க எங்களையே பாக்கறீங்க. கொஞ்சம் கூச்சமாத்தானுங்க இருக்குது, ஆனா நல்லாருக்குதுங்க” என்றார்.

நான் பார்க்கத் தொடங்கியதும் கண்ணில் பட்டவை என்னை அதிர வைத்தன. நான்கு ஆண்டுகளாக வரும் ஒருவர் திரிகோணாசனத்தில் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொள்கிறார், அவருக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண்மணி சவாசனத்தில் கண்ணை மூடியிருக்கிறார், ஆனால் இமைகள் துடித்துக்கொண்டும் தாடை இறுகியும் இருக்கின்றன. விசாரித்தபோது மல்லாந்து படுத்தால் அவருக்குத் தலை சுற்றும் என்று தெரிந்தது. பக்கவாட்டில் திரும்பி ஒரு தலையணையோடு படுக்கச் சொன்ன அன்றுதான் அவர் முதன்முறையாக ஓய்வெடுத்தார். வீரபத்ராசனத்தில் கால் விரல்கள் தரையைக் கவ்விப் பிடிப்பது, புஜங்காசனத்தில் தோள்கள் காதுவரை ஏறுவது, கழுத்து நரம்பு புடைப்பது, முகத்தில் ஒரு பொய்யான அமைதியை வரவழைத்துக்கொள்வது ஆகியவை எல்லாம் உடல் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று சொல்லும் அடையாளங்கள். ஆசனம் நிலையாகவும் இதமாகவும் இருக்க வேண்டும் என்று பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்வதை நாம் எல்லோரும் பயிற்சியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். இதம் இருக்கிறதா என்பதை முகத்தையும் மூச்சையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். கை தரையைத் தொடுகிறதா என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இவற்றையெல்லாம்விட என்னை ஆழமாகப் பாதித்தது காலை ஆறு மணி வகுப்பில் நடந்த ஒன்று. நின்று செய்யும் ஆசனங்கள் முடிந்து அனைவரும் உட்கார்ந்தபோது, கடைசி வரிசையில் ஓர் அம்மாவின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தார், மார்கழிக் குளிர் வேறு. நான் இடப்பக்கம் என்று சொன்னபோது வலப்பக்கம் திரும்பினார், கை நடுங்கியது. அருகில் போய்ப் பெயர் சொல்லி அழைத்தேன். பதில் தாமதமாக வந்தது. சர்க்கரை நோய்க்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, யோகா வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்பதற்காக எதுவும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்து, பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் நின்று பேச்சு தெளிந்தது. பிறகு அவருடைய மகன் வந்து வீட்டுக்கு அழைத்துப்போனார். பழைய முறையில் வகுப்பு நடந்திருந்தால் அந்த நேரத்தில் நான் குனிந்திருப்பேன், அவர் அப்படியே சவாசனத்தில் படுத்திருப்பார், உறங்குகிறார் என்று எல்லோரும் நினைத்திருப்போம். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

அதன் பிறகு, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வகுப்புக்கு முன் என்ன சாப்பிடலாம், மருந்தை எந்த நேரத்தில் எடுக்கலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கினேன். வகுப்பறையில் சர்க்கரைப் பொட்டலமும் குளுக்கோமீட்டரும் இருக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். ஆனால் மயங்கி விழுந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவரைத் தலைகீழ் ஆசனங்களில் விடக் கூடாது என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. சிரசாசனத்தில் கண்ணின் உள் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. சேரும் நாளில் நிரப்பும் படிவத்தில் இவை எல்லாம் இருக்கின்றனவே என்று சொல்லலாம். படிவத்தில் எழுதிய நாளுக்குப் பிறகுதான் பலருக்கு நோயே வருகிறது.

இனி நான் நடைமுறையில் மாற்றிக்கொண்டவற்றைச் சொல்கிறேன். வகுப்பு தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே போய்விடுகிறேன். வருபவர் பாயை விரிக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: நேற்று இரவு எப்படித் தூங்கினீர்கள்? எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் முழங்கால் வலியும் மருமகளோடு மனத்தாங்கலும் மாதவிடாயும் புதிய மாத்திரையும் தாமாகவே வெளியே வரும். அதைக் கேட்ட பிறகுதான் அன்றைய வரிசையை முடிவு செய்கிறேன். வகுப்பு முடிந்ததும் ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுதுகிறேன். எழுத எதுவும் தோன்றாத பெயர் யாருடையதோ, அவரை அன்று நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். மறுநாள் அவர் அருகில்தான் முதலில் போய் நிற்கிறேன். சத்தம் போடாமல், தவறாகவும் செய்யாமல் நடுவரிசையில் இருப்பவர்களே அப்படி விடுபடுகிறவர்கள் என்பதை அந்த நோட்டு எனக்குக் காட்டிக் கொடுத்தது.

ஒரு வழிமுறையைச் சொன்ன பிறகு மூன்று மூச்சு நேரம் பேசாமல் இருக்கப் பழகுவது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. மௌனம் வந்தால் ஆசிரியருக்குப் பதற்றம் வருகிறது, கொடுத்த பணத்துக்குப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் பேசும்போது கண் சரியாகப் பார்ப்பதில்லை. அந்த மூன்று மூச்சில் நான் முகம், மூச்சு, பாதம் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறேன். முன்னால் மட்டும் நிற்பதையும் விட்டுவிட்டேன். பின் மூலைகளிலிருந்து பார்த்தால் முதுகெலும்பும் தோள்பட்டையும் தெரிகின்றன. புதியவருக்குச் செய்து காட்டத்தான் வேண்டும் என்றால், அனைவரையும் நிறுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒரு முறை மட்டும் காட்டுகிறேன், அல்லது நன்றாகச் செய்யும் மாணவர் ஒருவரைக் காட்டச் சொல்கிறேன். தொட்டுத் திருத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். இதில் அவர் வேண்டாம் என்று சொல்வதற்கு உண்மையிலேயே இடம் இருக்க வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் கை வைப்பது கேட்டதாகாது.

நான் புதிதாகக் கண்டுபிடித்தது எதுவுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைசூர் அரண்மனையின் யோகசாலையில் கற்பித்துவிட்டு 1950-களில் சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சார்யா, பிற்காலத்தில் பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையிலேயே கற்பித்தார். வந்தவரின் வயது, நோய், தொழில், மூச்சு ஆகியவற்றைப் பார்த்துப் பயிற்சியை அமைத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அந்த வழியைத் தொடர்கிறது. கிருஷ்ணமாச்சார்யாவிடம் இளமையில் கற்ற பட்டாபி ஜோயிஸ் மைசூரில் நடத்திய வகுப்புகளிலும், மாணவர்கள் தங்கள் வரிசையைத் தாங்களே செய்ய, ஆசிரியர் அவர்களுக்கிடையே நடந்து உதவுவதே வழக்கமாக இருந்தது. அதாவது ஆசிரியர் பாயில் இல்லாத வகுப்பு நம் பக்கத்திலேயே இருந்த மரபுதான். எங்கள் 200 மணி நேரப் பயிற்சியில் இவர்களின் படங்கள் சுவரில் இருந்தன. அவர்கள் மாணவரை எப்படிப் பார்த்தார்கள் என்ற பாடம் இல்லை.

ஆன்லைன் வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மாணவரின் கேமரா அவருக்குப் பக்கவாட்டில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதுகும் மூச்சும் தெரியும். போனில் நடத்துவதை நிறுத்திவிட்டு, பழைய டிவியை மடிக்கணினியோடு இணைத்துப் பெரிதாகப் பார்க்கிறேன். கேமராவை அணைத்து வைப்பவருக்குப் பதிவு செய்த வகுப்பை அனுப்பிவிடுகிறேன், நேரடி வகுப்பில் சேர்ப்பதில்லை. இன்ஸ்டாகிராமுக்காக வகுப்பின் நடுவில் வீடியோ எடுப்பதையும் முழுமையாக விட்டுவிட்டேன். போனை முக்காலியில் வைத்த கணத்திலிருந்து, நான் எப்படித் தெரிகிறேன் என்பதுதான் என் கவனத்தில் இருந்தது.

மனம் கலைந்திருக்கும் நாட்களும் வரும். என் தாயார் மருத்துவமனையில் இருந்த வாரங்களில் எவ்வளவு முயன்றும் என்னால் முழுமையாக அங்கே இருக்க முடியவில்லை. அத்தகைய நாளில் முழுமையாக இருப்பதுபோல் நடிப்பதைவிட வகுப்பைச் சிறியதாக்கிக்கொள்வது நல்லது என்பது என் அனுபவம். ஆசனங்களைப் பாதியாகக் குறைத்து, சமநிலை ஆசனங்களையும் தலைகீழ் ஆசனங்களையும் விட்டுவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த எளிய அசைவுகளை மூச்சோடு மெதுவாகச் செய்ய வைப்பேன். எனக்குப் பார்க்க வேண்டியது குறைவாக இருக்கும், அந்தக் குறைவை ஒழுங்காகப் பார்ப்பேன். எந்த நாளானாலும் வகுப்புக்குள் நுழையும் முன் இரண்டு நிமிடம் வண்டியிலேயே உட்கார்ந்து என் மூச்சைக் கவனித்துவிட்டு இறங்குகிறேன். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே அரை மணி நேரமாவது இடைவெளி இல்லாவிட்டால் முந்தைய வகுப்பின் சோர்வும் சாலையின் எரிச்சலும் அடுத்த வகுப்புக்குள் நம்மோடு வந்துவிடுகின்றன. ஒரு நாளைக்கு மூன்று வகுப்புகளே என் எல்லை. நான்காவதில் என் கண் பார்ப்பதை நிறுத்திவிடுவது நோட்டில் அப்பட்டமாகத் தெரிந்தது. என் சொந்தப் பயிற்சியை யாரும் பார்க்காத நேரத்தில் தனியாகச் செய்கிறேன். அது வகுப்பிலேயே நடந்துவிடுகிறது என்று பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். வகுப்பில் நடப்பது பயிற்சியும் ஆகாது, கற்பித்தலும் ஆகாது.

வகுப்புகளைக் குறைத்தால் எப்படிப் பிழைப்பது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி, அது நியாயமான கேள்வி. பங்கு முறையிலிருந்து வெளியே வந்து, பரதநாட்டிய வகுப்பு நடக்கும் ஓர் அறையைக் காலை நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தேன். ஒரு பேட்ச்சுக்கு 12 பேர், தலைக்கு மாதம் 2,200 ரூபாய். வாடகையில் அந்த பேட்ச்சின் பங்கான 9,000 போக 17,400 ரூபாய் கையில் நிற்கிறது. 28 பேரை வைத்துக்கொண்டு நான் சம்பாதித்ததைவிட இது சற்றே அதிகம். கட்டணத்தை உயர்த்தியபோது சிலர் போய்விட்டார்கள். தன்னைப் பெயர் சொல்லிக் கவனிக்கும் வகுப்புக்கு அந்தத் தொகையைக் கொடுக்க விரும்புபவர்கள் நின்றார்கள், அவர்களுடைய உறவினர்களும் வந்தார்கள். மொத்த வருமானம் பழைய ஐந்து வகுப்புகளின் அளவுக்கு இன்னும் வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்த 12 பேர் போக, கட்ட முடியாத இருவருக்குப் பழைய கட்டணத்திலேயே ஒவ்வொரு பேட்ச்சிலும் இடம் வைத்திருக்கிறேன்.

மேலே சொன்ன இரண்டு ஆசிரியைகளும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். மூவரில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் மற்ற இருவரும் அவருடைய வகுப்புகளை ஒரு மாதம் வரை எடுப்போம்; அந்த மாதக் கட்டணத்தில் பாதி எடுப்பவருக்கு, பாதி படுத்திருப்பவருக்கு. ஒவ்வொருவரும் மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் சேர்த்து வைக்கிறோம். இந்த ஆண்டு ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது முதன்முறையாக அந்த ஏற்பாடு பயன்பட்டது. அவருடைய வகுப்புக்குப் போவதற்கு முன் அவர் தன் நோட்டை எனக்குக் கொடுத்தனுப்பினார். யாருக்கு எந்த முழங்கால், யார் மூச்சை அடக்குபவர், யாரைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருந்ததால், முதல் நாளிலேயே அந்தப் பதினோரு பேரையும் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.